முகத்துவாரத்தில் கல் அடுக்கும் வேலைக்கு மகனைப் படிக்க வைக்கலாமா?

அம்மா, அலைத் தடுப்புச் சுவர் கட்டும் இன்ஜினியராக வர உங்கள் மகன் கேட்பது நல்ல படிப்பு. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலை எழும்பி, வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று அந்தக் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாயிலைச் சரியாக அமைக்கவும், உடைந்தால் பழுது பார்க்கவும் படித்த ஆட்கள் வேண்டும். "கடலில் கல் கொட்டுவதற்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு" என்று கேட்டிருக்கிறீர்கள், முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அலைத் தடுப்புச் சுவரை வெறும் கல் குவியலாகப் போட்டால் நிற்காது. உள்ளே சிறிய கல், அதன்மேல் நடுத்தரக் கல், வெளிப்பக்கம் பல டன் எடையுள்ள பாறை அல்லது டெட்ராபாட் என்னும் நாலு கால் கான்கிரீட் கட்டி. உள்ளே இருக்கும் கல்லை அலை இடுக்கு வழியாக உருவி எடுத்துவிடாதபடி ஒவ்வோர் அடுக்கின் அளவையும் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வெளிக் கல்லின் எடையோ அலை உயரத்தின் மும்மடியை, அதாவது அந்த எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவதைப் பொறுத்து ஏறும். 2 மீட்டர் அலைக்கு 1 டன் கல் போதும் என்றால், அதே சரிவில் 3 மீட்டர் அலைக்கு சுமார் 3.4 டன் வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு இன்னும் கனமான கல் தேவைப்படும், ஏனென்றால் அங்கே பின்னால் தாங்கிக்கொள்ள எதுவும் கிடையாது.

பழுது பார்ப்பது இதைவிடக் கடினம். பெரும்பாலும் சேதம் அடியில்தான் தொடங்கும். மணல் அரித்து அடிக்கல் இறங்கும், அப்புறம் மேலே உள்ளவை ஒவ்வொன்றாகச் சரியும், மேலே நின்று பார்ப்பவருக்கு ரொம்ப நாள் வரை ஒன்றும் தெரியாது. எக்கோ சவுண்டர் வைத்து ஆழம் அளந்து, முக்குளிப்பவரை இறக்கிப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு கல் என்று வரைபடம் போட்ட பிறகுதான் கிரேன் வரும். ஒரு பாறையை வைத்தால் அது பக்கத்துக் கற்களோடு குறைந்தது மூன்று இடத்திலாவது முட்டி நிற்க வேண்டும். ஆடினால் தூக்கித் திருப்பி வைக்கத்தான் வேண்டும், அந்த இடத்தில் நின்று "இது சரியில்லை, எடு" என்று சொல்லும் ஆள்தான் இன்ஜினியர். உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் இந்த வேலை ஓடாது, அதனால் மற்ற மாதங்களில் இரவு பகல் பார்க்காமல் நடக்கும்.

இந்த வேலை தீர்ந்துபோகுமோ என்று பயப்பட வேண்டாம். 1876-இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்தது. 2017-இல் ஒக்கி புயல் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் பாதி கட்டிய தடுப்புச் சுவரின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. இன்னொன்றும் இருக்கிறது. ஓரிடத்தில் கல் போட்டால் பக்கத்து ஊரில் கரை போகலாம். சென்னையில் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் அரிப்பு. இதைக் கரையில் வளர்ந்த பிள்ளை முன்கூட்டியே யோசிப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால்தான் உங்கள் மகன் போன்றவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, என்ன படிக்கலாம்? பெயரைப் பார்த்து மரைன் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடாதீர்கள், அது கப்பல் இயந்திரப் படிப்பு. நேவல் ஆர்க்கிடெக்சர் கப்பல் வடிவமைப்பு. உங்கள் மகனுக்கு வேண்டியது பி.இ. சிவில்தான். ஹார்பர் என்று பெயர் போட்ட பட்டங்களைச் சில கல்லூரிகள் தருகின்றன, ஆனால் அரசு வேலைக்கு அது சிவிலுக்குச் சமமாக ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் சேர்க்க வேண்டாம். சிவில் முடித்து, மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை ஐஐடியிலோ சூரத்கல் என்ஐடியிலோ கடல்சார் பொறியியலில் எம்.டெக். போகலாம். புனேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த மாதிரி ஆய்வு செய்யும் இடங்கள். மீன்வளத்துறை, துறைமுகங்கள், கட்டுமான நிறுவனங்கள், சர்வே நிறுவனங்கள் என்று வேலைக்கும் பல வாசல் உண்டு.

பணம்தான் கவலை என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கட்டாயம் கேளுங்கள், கட்டணத்தை அரசே ஏற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். கட்ஆஃப் எட்டவில்லையென்றால் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதல் சில வருஷம் வீட்டில் இருக்க முடியாது. சைட் எங்கேயோ அங்கேதான் தங்க வேண்டும், வெயில், உப்புக்காற்று, கான்ட்ராக்டரோடு வாக்குவாதம் எல்லாம் இருக்கும். மகனிடம் இதையும் சொல்லுங்கள். கேட்ட பிறகும் வேண்டும் என்றால், கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி சிவிலை முதல் வரிசையில் போடச் சொல்லுங்கள்.