பதில்: 112ஆம் ஃபிரேமில் பான் மோட்டார் முழுச் சுற்று சுற்றுகிறது

வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் சீராக ஓடும் கேமரா நகர்வு, நிஜக் கேமராவை மோட்டார்களால் நகர்த்தும் ரிக்குக்குப் போனதும் 112ஆம் ஃபிரேமில் பான் (கேமராவை இடவலமாகத் திருப்பும் அச்சு) ஒரு முழுச் சுற்று அடிக்கிறது, மினியேச்சர் வீடும் பின்னணியில் வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலாவது மோட்டாரின் தப்பே இல்லை. அந்த இடத்தில் கிராஃப் எடிட்டரை, அதாவது கோணங்கள் கோடுகளாகத் தெரியும் பகுதியை, பெரிதாக்கிப் பாருங்கள். கோணம் 178 டிகிரியிலிருந்து -178க்குத் தாவியிருக்கும். திரையில் அது வெறும் 4 டிகிரி. மோட்டாருக்கோ 356 டிகிரி, அதுவும் ஒரே ஃபிரேமுக்குள்! கேமராவை ஆய்லர் சுழற்சியில் (திருப்பத்தை X, Y, Z என்ற மூன்று கோணங்களாகச் சொல்லும் முறை) வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கீ, அதாவது பதிவான மதிப்பு, விழும்படி பேக் (bake) செய்யுங்கள். அப்புறம் மூன்று சுழற்சிச் சேனல்களையும் தேர்ந்தெடுத்து இப்படிப்பட்ட கோணத் தாவல்களை நீக்கும் ஆய்லர் ஃபில்டரைப் போடுங்கள். -178 என்பது 182 ஆகிவிடும்.

வழுக்கல்தான் கொஞ்சம் வேலை வாங்கும். கணினிக் கேமரா ஒரு புள்ளியில் நின்று திரும்புகிறது. உங்கள் ரிக்கில் லென்ஸின் நுழைவுத் துளை (முன்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தால் தெரியும் துளை) பான் அச்சுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் திரும்பும்போது அது இடம் நகரவும் செய்கிறது. பக்கத்தில் ஒரு குச்சி, தூரத்தில் ஒரு குச்சி, இரண்டையும் ஒரே கோட்டில் நட்டுவிட்டு மெதுவாகப் பான் செய்யுங்கள். ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், கேமராவைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். விலகாத இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். லென்ஸை மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான். கேமராவை மேலும் கீழும் சாய்க்கும் டில்ட் அச்சுக்கும் இதையே செய்ய வேண்டும்.

முதல் ஓட்டத்தில் கேமராவைக் கழற்றிவிட்டு, அதே எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி ஓட்டுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு லென்ஸை இழந்திருக்கிறேன்.