பைக் வாங்கித் தருகிறேன் என்றாலும் மகன் வேண்டாம் என்கிறான்

கேள்வி: நான் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றவன். இளம் வயதில் வாங்கிய ஹொண்டா சிடி 125 இன்னும் என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது. மகனுக்கு 22 வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை. வாகன இறக்குமதி திறந்துவிட்டதே, புதிதாக ஒரு பைக் வாங்கித் தருகிறேன் என்றேன். “வேண்டாம் அப்பா” என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கிறான். அவனுடைய சிநேகிதர்களும் அப்படித்தான். இப்போது எந்தக் கம்பனி வண்டியை நம்பி வாங்கலாம், பஜாஜா, ஹொண்டாவா, யமஹாவா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பைக் ஆசையே இல்லாமல் போனது ஏன்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு விடை தெரிவதற்கு முன் முதலாவதற்குக் காசு கட்டிவிடாதீர்கள். ஓட்ட மனமில்லாதவனுக்கு வாங்கிக் கொடுக்கும் வண்டி எந்தக் கம்பனியுடையதானாலும் பழுதாகிவிடும். மாடி வீட்டுக்குக் கீழே சில மாதம் அசையாமல் நிற்கிற பைக்கில் முதலில் பற்றரி இறங்கும். தாங்கியில் கிடக்கும் பெற்றோல் பழசாகிப் பிசின் கட்டும். கார்பரேட்டர் வண்டியில் அது ஜெட்டை அடைக்கும், கார்பரேட்டருக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் முறையில் பெற்றோலைப் பீச்சுகிற எஃப்.ஐ வண்டியில் இன்ஜெக்டரைப் பிடிக்கும். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு. செயின், சைலன்சர், வயர் இணைப்புகள் என்று உப்பு எங்கே புகும் என்று சொல்ல முடியாது. தினமும் ஓடுகிற வண்டியில் செயினுக்கு எண்ணெய் போடவாவது ஆள் இருக்கும்.

சரி, கம்பனி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற நுகர்வோர் சஞ்சிகை 2015இல் தன் வாசகர்களிடம் கேட்டு ஒரு கணக்கு வெளியிட்டது. நான்காவது வருடத்துக்குள் பெரிய பழுது காணும் வாய்ப்பு யமஹாவுக்கு 11 சதவீதம், ஹொண்டாவுக்கும் சுசுகிக்கும் 12, கவாசாகிக்கு 15. ஹார்லி டேவிட்சனுக்கு 26, டுகாட்டிக்கு 33, பீஎம்டபிள்யூவுக்கு 40. ஜப்பான் வண்டிதான் நம்பகமானது என்று நீங்கள் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருப்பீர்கள், அதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் மீண்டும் வாங்குவதானால் இதையே வாங்குவீர்களா என்றும் அதே ஆட்களிடம் கேட்டார்கள். ஆம் என்றவர்களில் முன்னால் நின்றவர்கள் விக்டரி என்ற அமெரிக்க வண்டி வைத்திருந்தவர்களும் ஹார்லி வைத்திருந்தவர்களும். பழுது குறைந்த யமஹாக்காரர்கள் இல்லை! அந்த விக்டரியை அதன் உரிமையாளரான போலாரிஸ் கம்பனி 2017இல் மூடிவிட்டது என்பது இன்னொரு வேடிக்கை. ஒரு வண்டியை நம்புவதும் அதன் மேல் ஆசை வைப்பதும் ஒரே கணக்கில் வருவதில்லை போலிருக்கிறது.

அந்தப் பட்டியலை வெட்டி எடுத்துக்கொண்டு நம் ஊர் ஷோரூமுக்குப் போவதில் பயனில்லை. அது பெரிய எஞ்சின் வண்டிகளின் கணக்கு. நாம் ஓட்டுவது 100 முதல் 160 சீசீ வரையான வண்டிகள், பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. ஹொண்டா, யமஹா என்று பெயர் எழுதி வருவதிலும் நிறைய அங்கிருந்து வருபவைதான். அங்கே ஜப்பான் வண்டி, இந்திய வண்டி என்று கோடு போட்டுப் பிரிப்பது சுலபம் இல்லை. இந்தியாவின் ஹீரோவும் ஜப்பானின் ஹொண்டாவும் 1984இல் கூட்டுச் சேர்ந்து, 2010இல் பிரிய முடிவெடுத்தன. நடுவில் 1994இல் வந்த அவர்களுடைய ஸ்பிளெண்டர் பைக்கின் 97 சீசீ எஞ்சின் ஹொண்டாவின் கைவண்ணம். டீவீஎஸ் 2001 வரை சுசுகியோடு இருந்தது. பஜாஜ் நெடுங்காலம் கவாசாகியிடம் தொழில் கற்றது, பல்சர் என்ற பைக் மட்டும் 2001இல் அவர்களே செய்தது. ஆக, தேநீர்க்கடையில் நடக்கிற ஜப்பானா இந்தியாவா சண்டையில் ரெண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

கொழும்பில் ஒரு வண்டியின் நம்பகத்தன்மை பாதி தொழிற்சாலையிலும் மீதி உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் இருக்கிறது. கிளட்ச் பிளேட்டோ பிரேக் ஷூவோ தேவைப்பட்டால் அன்றைக்கே கிடைக்கிறதா, வீட்டுக்குப் பக்கத்துக் கராஜ் பாஸுக்கு அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியுமா, இவைதான் கேள்விகள். காலி வீதியில் மாலை நேரம் முதலாவது கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அல்லாடுகிற வண்டிக்கு கிளட்ச் சீக்கிரம் தேயும், காற்றில் குளிரும் எஞ்சின் சூடேறி எண்ணெய் வேகமாகக் கெடும். கம்பனி சொன்ன கிலோமீற்றருக்கு முன்னாலேயே எண்ணெய் மாற்றுகிறவர்களின் வண்டி எந்தப் பெயராக இருந்தாலும் பத்து வருடம் போகிறது. பஜாஜின் பல்சரும் பிளட்டினாவும் ஊர் ஊராக ஓடுவதால் உதிரிப்பாகத்துக்குக் குறைவில்லை, ஹட்டனில் நின்றாலும் மட்டக்களப்பில் நின்றாலும் ஆள் அகப்படுவார். ஹொண்டாவின் சிறிய எஞ்சின்கள் தொல்லை குறைந்தவை, ஆனால் பாகங்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டிவரும். யமஹா எஃப்.ஐ வண்டிகள் ஓட்ட அருமை. கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், வீதியோரத்தில் பிளக்கைத் துடைத்துச் சரியாகிற விஷயம் இல்லை. என்னிடம் கேட்டால், வேலைக்குப் போய் வர மட்டும் என்றால் 125 சீசீக்குள் ஒரு ஹொண்டா அல்லது ஹீரோ. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஆசைப்பட்டவன் தெரிவு செய்யட்டும்.

இன்னொன்று. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சட்டென்று பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ் பிரேக் கட்டாயம். அதே பெயரில் இங்கே வருகிற வண்டியில் அது இருக்கிறதா என்று ஷோரூமில் வாய் திறந்து கேளுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கொழும்பு மழையில் தார் வீதி எவ்வளவு வழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி மகன். நாட்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். பையன்களுக்கு பைக் பைத்தியம் பிடிக்கிற பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதெல்லாம் உங்கள் மகனுக்கு அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் கழிந்தது. ஷோரூம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கப் புது வண்டி இல்லை. பழைய வண்டிகளோ வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கை மாறின. 2022 தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. அப்புறம் வரிசை. இரவெல்லாம் நின்ற வரிசை. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். உங்கள் சிடி 125ஐத் தள்ளிக்கொண்டு அந்த வரிசையில் மகனும் நின்றிருக்கலாம். நமக்கு பைக் என்றால் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போவது. அவன் கண்டது, பெற்றோலுக்காகக் காத்துக் கிடக்கும் ஒரு இரும்பை. ஆசை எங்கிருந்து வரும்?

வெளிநாட்டிலும் இதே புலம்பல்தான், காரணம்தான் வேறு. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் நடு வயது 1990இல் 32ஆக இருந்து 2018இல் 50ஆகிவிட்டது. அன்று வாங்கிய அதே தலைமுறைதான் நரைத்துப்போய் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் வருகிறவர்கள் குறைவு. ஜப்பானில் 1982இல் உள்நாட்டில் விற்றவை 30 இலட்சத்துக்கும் மேல். இன்று அது 4 இலட்சத்தைச் சுற்றி நிற்கிறது. அங்கே அந்த 1982 வாக்கிலேயே உயர்பாடசாலைப் பெற்றோர் சங்கங்கள் நாடு முழுக்க ஓர் இயக்கம் நடத்தின: பிள்ளைகள் லைசன்ஸ் எடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, ஓட்டக் கூடாது. விற்பனை சரிந்ததற்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் அங்கே தடுத்தவர்கள் அப்பா அம்மா. இங்கே அப்பா காசோடு நிற்கிறார், மகன் வேண்டாம் என்கிறான்! இந்த விஷயத்தில் அம்மா என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடமும் கேளுங்கள். இந்த நாட்டு வீதி விபத்துகளில் உயிரிழப்பவர்களில் மற்ற எவரையும்விட மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான் அதிகம். மகன் அதைப் படித்துவிட்டுத் தயங்கினால் கோழை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் “இந்தக் காலத்துப் பிள்ளைகள்” என்று நீங்கள் மொத்தமாக எழுதியதை நான் ஏற்கமாட்டேன். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். மத்தியானம் பம்பலப்பிட்டியில் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடை வாசலில் பாருங்கள். முதுகில் பெட்டியோடு எத்தனை பையன்கள்! மலையகத்திலிருந்து, கிழக்கிலிருந்து வந்து, லீசிங் கட்டிக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை ஓட்டுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உங்கள் மகனின் வயதுதான். பைக் அவர்களுக்கு வேலைத்தலம், அதன் மேல் ஆசையா வெறுப்பா என்று யோசிக்க நேரமில்லை. உங்கள் மகன் ஆப்பில் சோறு வரவழைக்கிறான், அவசரமென்றால் அதே ஆப்பில் ஓட்டோவோ பைக்கோ கூப்பிடுகிறான். அவன் வயதுக்காரன் ஒருவன் அவனுக்காக ஓட்டுகிறான். ஆர்வம் குறைந்தது, சொந்தமாக ஓட்டத் தேவையில்லாத வீடுகளில்தான்.

எந்தக் கம்பனி என்று உண்மையாகவே அறிய வேண்டுமானால் அந்தப் பையன்களிடம் போங்கள். ஓடர் வரும்வரை சும்மா நிற்கிற நேரத்தில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: தம்பி, கிளட்ச் பிளேட் எத்தனை கிலோமீற்றரில் மாற்றினீர்கள், செயின் செட் எவ்வளவு ஓடியது, மழைக்குள் நின்றதா? ஷோரூம் விற்பனையாளரோ நானோ சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஆனால் அவர்கள் ஓட்டி விற்கிற வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் மீற்றரை நம்பாமல் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பதிவுப் புத்தகம் விற்கிறவரின் பெயரில் இருக்கிறதா, லீசிங் முடிந்ததா என்றும் பார்க்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் வாங்கிப் பிறகு அலையாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு ரயில் இரண்டாவது தரிப்பு. நடுவில் பம்பலப்பிட்டி மட்டும். அங்கே போய் பைக்கை நிறுத்த இடம் தேடுவது வேறு வேலை. உண்மையைச் சொன்னால் அந்தத் தூரத்துக்கு நானும் ரயிலில்தான் போவேன். ஆகவே, எந்த பைக் வேண்டும் என்று அவனிடம் கேட்காமல் ஓட்டப் பழக விருப்பமா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிட்டு அந்தக் காசில் ஒரு பகுதியை உங்கள் வண்டிக்குச் செலவழியுங்கள். மட்கார்டைத் துரு தின்றிருக்கும், வயரிங் காய்ந்திருக்கும், அவற்றைச் செய்தால் இன்னும் ஓடும். விற்காதீர்கள், ஓட்டுவதற்கு நீங்கள் இருக்கிறீர்களே.

ஆம் என்றால் வண்டிக்கு முன் லைசன்ஸ். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிற்சி அனுமதிப்பத்திரம், பிறகு ஓட்டிக் காட்டும் பரீட்சை, இந்த வரிசையில் போக வேண்டும். விண்ணப்பிக்கும்போது ஏ வகுப்புக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சுலபம் என்று ஏ1 எடுத்தால் 100 சீசீ வரைதான், நான் மேலே சொன்ன 125 சீசீ வண்டியைக்கூட அவனால் சட்டப்படி ஓட்ட முடியாது.