கம்ப்ரஸர் போனால் கண்டென்சரும் போக வேண்டுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். ஏ.சி. போட்டால் முன்பக்கம் கறகறவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கம்ப்ரஸர் உள்ளுக்குள் இறுகிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். கூடவே கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று பட்டியல் நீள்கிறது. கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதாதா? வேறு காரில் கழற்றிய கம்ப்ரஸர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வதில் முக்கால் பங்கு சரி. கூலிங் காயில் மட்டும்தான் இடிக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குளிர்வாயுவை அழுத்தித் தள்ளுவது கம்ப்ரஸர். அது இறுகும்போது உள்ளே உலோகம் உலோகத்தை அரைக்கிறது. அந்தப் பொடி எண்ணெயோடு கலந்து குழாய் வழியே முதலில் போய்ச் சேரும் இடம், வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர். இன்றைய கார்களின் கண்டென்சரில் இருப்பவை மிக நுண்ணிய வழிகள். எந்தத் திரவத்தை விட்டுக் கழுவினாலும், அடைப்பில்லாத வழியாகத் திரவம் ஓடிவிடும். அடைத்த வழி அடைத்தபடியே கிடக்கும். “கழுவித் தருகிறேன், புதிது வேண்டாம்” என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மிச்சமிருக்கும் பொடி புதுக் கம்ப்ரஸரையும் தின்றுவிடும்.

ஆனால் பொடி இருக்கிறது என்பதை அவர் உங்களுக்குக் காட்ட வேண்டும். கம்ப்ரஸரில் செருகியிருக்கும் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, வெள்ளி மினுக்கத்தோடு இருந்தால் கண்டென்சர் போக வேண்டியதுதான். எண்ணெய் தெளிவாக இருந்தால் சத்தம் கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச்சின் பெயரிங்கிலிருந்து வந்திருக்கலாம். பெயரிங் வெளியே இருப்பது. அதை மாற்றக் குளிர்வாயுவையே திறக்க வேண்டியதில்லை பெரும்பாலான கார்களில். ஆனால் அந்தச் சிறு பாகத்தைத் தனியாக விற்க நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை. முழுக் கம்ப்ரஸராகத்தான் தருவோம் என்கிறார்கள். மெக்கானிக்கும் அதையே எழுதிவிடுகிறார். யாரைக் குறை சொல்வது?

டிரையர் விஷயத்தில் பேரமே வேண்டாம். அதனுள் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் குருணை. குழாயைத் திறந்துவிட்டாலே காற்றின் ஈரத்தை இழுத்து நிறைந்துவிடும். பல கார்களில் டிரையர் கண்டென்சரோடு சேர்ந்தே வரும்; அப்படியானால் அதற்கு இன்னொரு முறை விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். கூலிங் காயிலுக்குள் குளிர்வாயுவை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளை மிகச் சிறியது, பொடி அங்கேதான் சிக்கும். மாற்றுங்கள். இணைப்புகளின் ஓ-ரிங் வளையங்களும் புதிதாக இருக்கட்டும்.

இப்போது, காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில். வால்வைத் தாண்டித்தான் பொடி அங்கே போக முடியும், பெரும்பாலும் போவதில்லை. ஆனால் அதை எடுக்கப் பல கார்களில் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும், கூலி பெரிது. பட்டியலில் அது ஏறியதற்குக் காரணம் அந்தக் கூலியாகவும் இருக்கலாம். காயிலில் கசிவு இருக்கிறது என்று காட்டினால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

தரகர் சொல்லும் கம்ப்ரஸரை வாங்காதீர்கள். கழற்றியதும் வாய்களை அடைத்து வைத்தார்களா? உள்ளே எந்த எண்ணெய் இருந்தது? தரகருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். ஏ.சி. எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் கொண்டது. திறந்து கிடந்த கம்ப்ரஸர் பாதி செத்ததற்குச் சமம். வெளியே பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. பொருத்தும் இடங்களில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் என்றதும் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களுடையது பெட்ரோல் கார், உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். மின்சாரக் கார்களிலும் பல ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரஸரைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, அதனுள்ளேயே இருக்கும் உயர் மின்னழுத்த மோட்டார். அதன் கம்பிச் சுருள்களை எண்ணெய் நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெய் ஊற்றுகிறார்கள். சாதாரணக் காருக்கான பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிதளவு கலந்தாலே மின்காப்பு குறையும்; மின்கசிவைக் கண்டுபிடித்துக் கார் கிளம்பவே மறுக்கலாம். எண்ணெயைக் கையால் ஊற்ற வேண்டியதில்லை, முந்தைய காருக்குப் போட்ட அதே கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும். அப்படிப்பட்ட கார் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் சொல்லிவையுங்கள்.

உங்கள் காருக்குத் திரும்புவோம். பாகங்களைப் பொருத்தியதும் வேக்கம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், பிறகு பம்பை நிறுத்தி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். குளிர்வாயு ஆர்-134ஏயா, புதிய ஆர்-1234ஒய்எஃபா, எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டிய தாளிலேயே இருக்கும். அளவை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். கைவைத்துக் குளிர்ச்சி பார்த்து நிரப்புவது வேலை தெரியாதவர் செய்வது. கசிவடைக்கும் ரசாயனம் எதையும் சேர்க்க விடாதீர்கள், வால்வை அடைத்துவிடும். வருடம் தவறாமல் கேஸ் நிரப்பச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வதல்ல, குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

புதுக் கம்ப்ரஸருக்கு வாரண்டி உண்டு என்பார்கள். டிரையர் வாங்கிய பில் இல்லையென்றால் அதே வாரண்டி செல்லாது என்று பின்னால் கைவிரிப்பார்கள், இந்த நுணுக்கத்தை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. ஆகவே டிரையர், வால்வு, எண்ணெயின் வகை, நிரப்பிய கிராம் ஆகிய ஒவ்வொன்றும் பில்லில் தனித்தனி வரியாக வரட்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை ஏ.சி. பொத்தானைத் தொடாதீர்கள், இறுகிய கம்ப்ரஸர் பெல்ட்டை அறுத்தால், அதே பெல்ட்டில் ஓடும், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் சில கார்களில் வாட்டர் பம்பும் நின்றுவிடும்.