மடிநோய்க்கு இன்னும் வீரியமான ஊசி எது?

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சிப் பசுவுக்கு இரண்டாம் ஈற்றில், பின்புற இடது காம்பில் மடிநோய் வந்தது. மருந்துக் கடைக்காரர் தந்த ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியை இரண்டு நாள் போட்டதும் வீக்கம் வடிந்தது. இப்போது மீண்டும் பால் திரிதிரியாக வருகிறது. அளவை இரட்டிப்பாக்கலாமா, வேறு கம்பெனி மருந்து வாங்கலாமா? (ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம்)

பதில்: அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். கம்பெனியை மாற்றினாலும் புட்டிக்குள் இருப்பது அதே மருந்துதான். மடியில் இருப்பது எந்தக் கிருமி, அது இந்த மருந்தைத் தன்னுள் தங்க விடுகிறதா என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் ஆக்சிடெட்ராசைக்ளின் டெட்ராசைக்ளின் வகை மருந்து. இந்த வகை மருந்து கிருமிக்குள் நுழைந்து, அங்கே புரதம் உருவாவதைத் தடுத்தால்தான் பலன் தரும். ஆனால் சில பாக்டீரியாக்களின் செல் சவ்வில், நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் புரதங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் லெவியின் குழுவினர் 1980இல் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் இதைக் காட்டினர். புரோட்டான் என்னும் மின்னேற்றமுள்ள நுண்துகள் ஒன்று உள்ளே இறங்கும் விசையில் மருந்து வெளியே தள்ளப்படுகிறது. மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும் டெட்-கே என்னும் இத்தகைய பம்பு சில வகைகளில் உண்டு. ஈ.கோலையில் இந்தப் பம்பின் மரபணு மருந்தில்லாத நேரத்தில் அடங்கிக் கிடக்கிறது. சிறிதளவு மருந்து உள்ளே வந்ததும் அடக்கி வைத்திருந்த புரதம் விலகி, பம்பு உருவாகத் தொடங்குகிறது. குறை அளவில் போட்டு, வீக்கம் வடிந்ததும் நிறுத்தும் ஊசி கிருமியைக் கொல்லாமல் உஷார்ப்படுத்திவிடுகிறது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

உங்கள் பசுவின் கிருமியில் பம்பு இருக்கிறதென்று இங்கிருந்தபடி நான் சொல்ல மாட்டேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் மடித் திசுவுக்குள் பதுங்கியிருந்து திரும்புவதும் உண்டு. பால் மாதிரியைச் சோதித்தால்தான் தெரியும். சோதிக்காமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைக்காரர் வைத்தியம் செய்யவில்லை, சரக்கைத் தள்ளுகிறார். அவரிடம் யோசனை கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்த ஊசிக்கு முன்பே கால்நடை மருத்துவரை அழையுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் கழித்துவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பால் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த நாளில் எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் கூறுங்கள். முடிவைப் பார்த்து அவர் எழுதித் தரும் மருந்தை, பால் தெளிந்துவிட்டாலும் சொன்ன நாள் வரை போடுங்கள். அதுவரை பாதித்த காம்பைக் கடைசியில் கறங்கள். ஊசி போட்ட பசுவின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். இந்தப் பம்பின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாகக் கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது. மருந்து கலந்த பால் கன்றின் குடலில் அத்தகைய கிருமிகளையே பெருக்கும்.