புது டீசல் பாய்லர்: மூன்று ரீசெட்டுக்குப் பிறகும் லாக்கவுட்

புதிதாகப் பொருத்திய டீசல் பாய்லர் மூன்று முறை ரீசெட் செய்தும் லாக்கவுட் (தீப்பிடிக்காததால் பர்னர் தானாக நின்றுவிடுவது) ஆகிறது, டேங்கிலிருந்து ஒரே குழாய்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நான்காம் முறை ரீசெட் அழுத்தாதீர்கள். தீப்பிடிக்காத ஒவ்வொரு முயற்சியிலும் ஃபர்னஸுக்குள் டீசல் தெளித்திருக்கலாம். தேங்கியது ஒரேயடியாகப் பற்றினால் கதவே பறக்கும். மெயினை அணைத்து உள்ளே பாருங்கள். ஈரமிருந்தால் துடைத்தெடுத்து, நன்றாகக் காற்றோடவிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

நீங்கள் சொல்வது ஒற்றைக் குழாய் இணைப்பு, டேங்குக்குத் திரும்பும் குழாய் இல்லாதது. அதில் லைனில் சிக்கிய காற்றைப் பம்ப் தானாக வெளியேற்றாது. பெரும்பாலும் கோளாறு அதுதான்.

டேங்க் வால்வு, ஃபில்டர் வால்வு இரண்டும் திறந்திருக்கின்றனவா? பம்பின் ப்ளீட் போர்ட்டில் (காற்றை வெளியேற்றும் துளை) உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, குமிழி நிற்கும்வரை பம்பை ஓட்டுங்கள். நிற்கவே இல்லையென்றால் சக்‌ஷன் பக்கம் (டேங்கிலிருந்து பம்ப் வரை) ஏதோ ஒரு இணைப்பு காற்று இழுக்கிறது. (டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், துணுக்கு டீசல் தெளிக்கும் நாசிலை அடைக்கும்.)

கேஜ் கிளாஸில் (பாய்லர் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) நீர்மட்டம் தெரியாமல் பர்னரைத் தொடவேண்டாம். சுடரைக் கண்டறியும் ஃபோட்டோசெல்லுக்கு டார்ச் காட்டி ஏமாற்றுவதும் கூடாது.