லண்டனில் தம்பியின் அசைலம் கேஸ் தோற்றுவிட்டது. கடைசி மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்க ஊரிலிருந்து நாங்கள் என்ன கடிதங்கள் அனுப்ப வேண்டும்?

இப்போதைக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. என் தம்பிக்கு இதே நிலை வந்தபோது திருகோணமலை முழுக்க அலைந்து கடிதம் சேர்த்தவர்கள் நாங்கள். விதானையாரிடம் ஒன்று, சமாதான நீதவானிடம் ஒன்று, கோயில் தலைவரிடம் ஒன்று. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் நாங்கள். அம்மா பஸ் ஏறி அங்கே போய்ப் பழைய அயலவர் ஒருவரிடமும் எழுதி வாங்கி வந்தார். சமாதான நீதவானின் கடிதத்தில் "இவர் நன்னடத்தையுள்ளவர், எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று இருந்தது. பாங்க் வேலைக்கு விண்ணப்பிக்கிறவனுக்குக் கொடுப்பது மாதிரி! எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, சீல் குத்தி, கூரியரில் போட்டோம். நாலாம் நாள் தம்பி போன் எடுத்தான்: "அக்கா, இதெல்லாம் இப்ப பார்க்க மாட்டினமாம்."

ஏன் என்று எனக்கு விளங்கவே ஒரு கிழமை எடுத்தது. ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டன் உள்துறை அமைச்சு) மறுத்த பிறகு முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதி முன்னால் கேஸ் நடந்திருக்கும். கதை, சாட்சி, வைத்திய அறிக்கை எல்லாம் பார்க்கிற இடம் அதுதான். அங்கேயும் தோற்றால் அதற்கு மேலுள்ள மேல் தீர்ப்பாயத்துக்குத் தானாகப் போக உரிமை இல்லை, அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதி "எனக்கு நடந்தது உண்மை" என்று திரும்பச் சொல்வதற்கு இல்லை. அந்த நீதிபதி தீர்ப்பு எழுதியதில் சட்டப் பிழை விட்டார் என்று காட்டுவதற்கு. முக்கியமான சாட்சியத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டாரா, காரணம் சொல்லாமல் முடிவு எழுதினாரா, இப்படி. அதனால் ஊரிலிருந்து போகிற புதுக் கடிதத்துக்கு அங்கே அனேகமாக வேலையே இல்லை. வேலை தீர்ப்பில்தான் இருக்கிறது.

தம்பியின் தீர்ப்பு பத்தொன்பது பக்கம். வட்ஸ்அப்பில் படம் படமாக வந்தது. ஏஎல் படிக்கிற என் மகள் வாசிக்க, நான் கொப்பியில் குறித்தேன். 31ஆம் பந்தியில் "இவரை நான் நம்பவில்லை" என்று முடிவு. வைத்தியர் அவன் முதுகுத் தழும்புகளைப் பற்றி எழுதிய அறிக்கை வருவது 38ஆம் பந்தியில்: "ஏற்கெனவே நம்பாதபடியால் இந்த அறிக்கைக்கு அதிகம் மதிப்பளிக்க முடியாது." மகள்தான் கேட்டாள், "பார்க்க முன்னமே எப்படி முடிவெடுத்தவர்?" அவள் கேட்டதுதான் சட்டமும். எல்லாச் சாட்சியத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே நம்புவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும் என்று 2005இலேயே அங்கே மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லோயர் நாலு காரணம் எழுதினார். கடைசியில் அனுமதி கிடைத்தது இந்த ஒன்றுக்கு மட்டும்.

உங்கள் தம்பிக்கும் தழும்பு இருந்தால், 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் சொன்னதை லோயரிடம் ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள். தழும்பு வருவதற்காக அவரே ஆள் வைத்துச் சூடு போட்டிருப்பார் என்று கீழ்மட்டத்தில் எழுதிய முடிவை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்து, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது.

இனி நாள் கணக்கு. தீர்ப்பு அனுப்பிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முதலில் அதே தீர்ப்பாயத்திடமே அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலும் மறுப்பார்கள், மனம் விட வேண்டாம். அதற்குப் பிறகு இன்னொரு 14 நாளுக்குள் மேல் தீர்ப்பாயத்திடம் நேரடியாகக் கேட்கலாம். இரண்டுமே வழக்கமாக எழுத்தில் மட்டும்தான். எங்கள் லோயர் தீர்ப்பைத் தம்பிக்கு அனுப்பியதே ஏழாம் நாள். பாதி நாள் போய்விட்டது. ஆகவே உங்கள் தம்பி இன்றைக்கே தேதியைக் கேட்கட்டும். தவணைக்குள் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அவரை நாடு கடத்த முடியாது. பிந்திப் போட்டால் அந்தப் பாதுகாப்பைத் தானாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

மேல் தீர்ப்பாயமும் அனுமதி மறுத்தால் அனேகமாக அதோடு கதை முடிந்தது. அந்த மறுப்பு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கக் கேட்கிற நீதி மீளாய்வு என்று முன்பு ஒரு வழி இருந்தது; 2022இல் வந்த சட்டம் அதை மிகக் குறுகிய விதிவிலக்குகளோடு அடைத்துவிட்டது. "இன்னும் மேலே கொண்டு போகலாம்" என்று யாராவது காசு கேட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்து, விசாரித்து, அதற்குப் பிறகு தோற்றால் மட்டுமே மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்கும் முதலில் மேல் தீர்ப்பாயத்திடம் அனுமதி கேட்டு, மறுத்தால் 28 நாட்களுக்குள் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும். அங்கே சட்டப் பிழை மட்டும் போதாது. முக்கியமான கொள்கைப் பிரச்சினையோ வேறு வலுவான காரணமோ வேண்டும்.

சரி, சேர்த்த கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். எல்லா வழியும் அடைபட்டால், முன்பு பார்க்காத சாட்சியத்தோடு ஹோம் ஒஃபிஸிடம் புதிய அசைலம் கோரிக்கை வைக்கலாம். வெல்லக்கூடிய வாய்ப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். மூலப் பிரதியையும் கூரியர் உறையையும் சேர்த்தே வைத்திருங்கள். கடிதம் எப்படி வந்தது என்றும் கேட்பார்கள்.

தம்பியின் கேஸ் வேறொரு நீதிபதி முன்னால் புதிதாக விசாரணைக்குப் போனது. அப்போது லோயர் எங்கள் பொதியைத் திறந்து ஒரே ஒரு கடிதத்தை எடுத்தார்: சம்பூர் அயலவர் கொப்பித் தாளில் எழுதியது. அன்றைக்கு இரவு எத்தனை பேர் வந்தார்கள், தம்பியை எந்தப் பக்கமாகக் கொண்டு போனார்கள் என்று தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தார். நன்னடத்தைக் கடிதங்களை அவர் கோப்பில் சேர்க்கவே இல்லை.