கங்மெய் விதை முளைக்கவில்லை, பாத்தியைக் கிளறிவிடலாமா?

கேள்வி: குவாங்தோங் மாகாணம், மெய்சோ பக்கத்து மலைக்கிராமம் எங்களுடையது. போன நவம்பரில் கங்மெய் (மூலிகைத் தேநீருக்கு வேர் எடுக்கும் ஹோலி இனப் புதர்) விதை போட்டேன். ஐந்து மாதமாகியும் ஒரு முளைகூட இல்லை. வேர் வியாபாரி தரும் முளைப்பு ஊக்கியில் ஊறவைத்துப் புது விதை போடலாமா? வேருக்கு அவரிடம் முன்பணம் வாங்கிவிட்டேன். இப்போதைக்கு மலையில் தோண்டி, நறுக்கிக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

பதில்: பாத்தியைத் தொடாதீர்கள். ஹோலி இனத்துப் பழம் கறுத்து உதிரும்போது விதைக்குள் கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரத்தில் கிடந்து அது வளர்ந்தபிறகுதான் முளைவிடும். ஒரு வருடத்துக்கு மேல் ஆவதும் உண்டு. நிழலும் ஈரமும் போதும். பெயர்ச்சீட்டு ஒட்டாத ஊக்கிப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அவசரமென்றால் தண்டுக்குச்சி வெட்டி வேர்பிடிக்க வையுங்கள்.

சரி, எனக்குப் பயம் உங்கள் கடைசி வரியில்தான். கங்மெய் இளங்கிளையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், வெள்ளிக்கோல் தராசின் தண்டில் குத்திய புள்ளி மாதிரி. 'தராசுப்புள்ளி மரம்' என்ற சீனப் பெயர் அதனால் வந்ததுதான். ஆனால் புள்ளி கிளையில்தான், வேரில் இல்லை. அதே சரிவில் கோவென் கொடியும் படர்ந்திருக்கும். மஞ்சள் பூ, எதிரெதிர் இலை. 'குடலறுக்கும் புல்' என்பார்களே, அதுதான். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரோடு பின்னிக்கிடக்கும். நறுக்கிக் காயவைத்தபின் எது எதுவென்று யார் சொல்வது? ஹாங்காங்கில் ஐவிரல் பீச் வேர் என்று வாங்கிச் சூப் வைத்துக் குடித்தவர்களுக்கு இப்படிக் கலந்த கோவென் வேரால்தான் விஷமேறியது. மூச்சையே நிறுத்திவிடும் நஞ்சு அது. உங்கள் வேர் போய்ச்சேருவது 'இருபத்துநான்கு சுவை' மூலிகைத் தேநீர்ப் பானைக்கு. அதை வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

வியாபாரி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார்: முதலில் கசக்கும், அப்புறம் இனிக்கும் என்று. கங்மெய்க்கு அது உண்மைதான். ஆனால் கோவென் கலந்திருக்கக்கூடிய குவியலில் நாக்கை வைப்பதா? எடையை மட்டும் பார்த்து நறுக்கிய வேர் வாங்குகிற வியாபாரிக்கு விற்கவே விற்காதீர்கள்.

தோண்டியே ஆகவேண்டுமென்றால் இலை இருக்கும் பருவத்தில், ஒரு நேரத்தில் ஒரே செடி. கிளையும் வேரும் ஒட்டியபடியே வீட்டுக்கு வரட்டும். தண்டோடு சேராத வேரை அங்கேயே போட்டுவிடுங்கள். கொடி சுற்றிய செடிப் பக்கமே போகவேண்டாம். ஏற்கெனவே நறுக்கி வைத்த மூட்டை இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் சரி.